மூன்று விமானங்களை வீழ்த்திய நீராவிக் கப்பல்

உள்ளதை உள்ளபடி சொன்னால் யாரும் மதிக்கமாட்டார்கள் என்று முப்பது வயதுவரை நம்பியவன் நான். அந்த நம்பிக்கையைக் கலைத்தவர் எண்பது வயது தாண்டிய நோர்வேஜிய அம்மா ஒருவர்.

அப்போது ஒஸ்லோ துறைமுகத்தில் கட்டியிருந்த பழைய நீராவிக் கப்பல் ஒன்றில், ஞாயிற்றுக்கிழமைகளில் சம்பளமில்லாத வழிகாட்டியாக நின்றேன். ஆற்றில் சனங்களை ஏற்றித் திரிந்த கப்பல் அது. இரண்டாம் உலகப் போர் வந்ததும் முன்தளத்தில் ஒரு பீரங்கியைப் பூட்டி, பீரங்கிப் படகு ஆக்கிவிட்டார்கள். அதன் போர்க்காலச் சேவை எங்கள் கோப்பில் அரைப் பக்கம்தான்: ரோந்து போனது, ஒருமுறை சுட்டது, அந்த அதிர்ச்சியில் அதன் கண்ணாடிகளே உடைந்தன. (எதிரிக்கு என்ன சேதம் என்று கோப்பு வாயே திறக்கவில்லை.)

ஒரு ஞாயிறு, நான் கட்ட விரும்பிய கோகிலா தன் அப்பாவைப் பக்கத்து ஊரான லோறென்ஸ்கூக்கிலிருந்து கூட்டிவந்தாள். மாப்பிள்ளையை எடைபோட வருகிறார். அரைப் பக்கத்தை வைத்துக்கொண்டு நான் எப்படிப் பெண் கேட்பது?

பீரங்கியில் கைவைத்து, கூடியிருந்த பத்துப் பேருக்கும் நோர்வேஜிய மொழியில் முழங்கினேன். "மூன்று விமானங்கள்! மூன்றையும் வீழ்த்தியது இதுதான்!" கோகிலாவின் அப்பா புருவத்தை உயர்த்தினார். நான் நாலாவதை வீழ்த்த ஆயத்தமானேன்.

"இதைச் சுட்டவர் என் அப்பா," என்றார் எனக்குப் பின்னால் நின்ற அந்த நோர்வேஜிய அம்மா, மிகப் பணிவாக. "ஒரே ஒரு தடவை. கப்டனின் கோப்பிக் கோப்பை உடைந்துபோனதை நினைத்துக் கடைசிவரை வெட்கப்பட்டார். விமானங்களைப் பற்றி எங்களிடம் ஒன்றுமே சொல்லவில்லையே?"

பத்துப் பேரும் என்னைப் பார்த்தார்கள். கடலில் குதிக்கலாம் என்றால் தண்ணீர் நல்ல குளிர்.

கோகிலாவின் அப்பா தமிழில் மெல்லக் கேட்டார். "தம்பி, அந்த மூண்டும் எங்கை விழுந்தது?"

"ஒண்டும் விழேல்லை அங்கிள். நான்தான் சும்மா விழுத்தினனான்."

அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். "என் அப்பா இருந்திருந்தால் அந்த மூன்று விமானங்களைக் கேட்டுச் சந்தோஷப்பட்டிருப்பார்," என்றார். அது இன்னும் கேவலமாக இருந்தது.

கலியாணம் குழம்பிவிட்டது என்றுதான் நினைத்தேன். அடுத்த நாள் கோகிலா தொலைபேசியில் சிரித்தாள். "அப்பா சொல்லுறார், பெடியனுக்குப் பொய் சொல்ல வராதாம். சொன்னாலும் உடனை பிடிபட்டிடுவானாம். பயப்பிடாமல் கட்டட்டாம்."

இன்றும் சாப்பாட்டு மேசையில் நான் "ஒருக்கால் என்ன நடந்ததெண்டால்" என்று தொடங்கினால் போதும். என் பிள்ளைகள் இருவரும் கரண்டியை வைத்துவிட்டு, என் முதுகுக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்க்கிறார்கள்.