கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க

மனிதரில் பாஸ்வேர்ட்காரர் என்று ஒரு ரகம் உண்டு. இவர் திருடரல்ல, பணக்காரரல்ல, அரசாங்க இரகசியம் எதுவும் இவர் கைக்கு வந்ததில்லை, வரப்போவதுமில்லை. ஆனாலும் பூட்டுவார். கம்ப்யூட்டர் வருவதற்கு முன் இவர் சீனி டின்னுக்குப் பூட்டுப் போட்டார், சைக்கிளுக்கு இரண்டு சங்கிலி போட்டார், குடைக்குள் தன் பெயரை எழுதி அதன் மேல் துணி வைத்துத் தைத்தார். கம்ப்யூட்டர் வந்ததும் பூட்டுக்குச் செலவில்லாமல் போயிற்று. அன்றோடு நமக்குப் பிடித்தது சனி.

நீங்கள் இவரைப் பார்த்திருப்பீர்கள். எந்த ஒபிசிலும் ஒருவர் இருப்பார். எங்கள் ஒபிசில் இருந்தவர் இத்ரூஸ் நானா. உக்குவளையில் மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கிக் கொழும்புக்கு அனுப்பும் கம்பெனி எங்களுடையது. யுத்தத்தால் தடைமுகாம்களும் அடையாள அட்டையுமாக நாடு கிடந்த கடைசி வருஷங்கள் அவை. வீட்டை விட்டு இறங்கும்போது செருப்பை மறந்தாலும் மறப்போம், அட்டையை மறக்க மாட்டோம். அப்படிப்பட்ட காலத்தில் எங்கள் ஒபிசுக்குள்ளேயும் ஒரு தடைமுகாம் இருந்தது. அது இத்ரூஸ் நானாவின் மேசை.

கண்டியில் ஒரு வகுப்புக்குப் போய் எக்ஸெல் படித்து வந்தவர் அவர். அதோடு விட்டாரா? மேக்ரோவும் படித்து வந்தார். மேக்ரோ என்றால் வேறொன்றுமில்லை, நாம் கையால் செய்கிற வேலையை வரிசையாக எழுதிக் கொடுத்துவிட்டால் ஒரு பட்டனை அமுக்கியதும் கம்ப்யூட்டர் தானாகச் செய்து முடிக்கும். நல்ல விஷயந்தான், இல்லையா? நானாவும் பட்டன் வைத்தார். மஞ்சள் நிறத்தில், கொழுக்கட்டை அளவில். ஆனால் பட்டனை அமுக்கினால் பாஸ்வேர்ட் கேட்கும். அதைக் கொடுத்தால் இன்னொன்று கேட்கும். இரண்டும் சரியென்றால், 'வாழ்த்துகள் இத்ரூஸ்' என்று ஒரு சின்னப் பெட்டி வந்து நிற்கும். அதை எழுதி வைத்தவரும் அவரேதான். ஒவ்வொரு முறையும் அதைப் பார்த்து அவருக்கு முகமெல்லாம் மலரும்.

பாஸ்வேர்ட் அடிப்பதற்கு ஒரு சடங்கு இருந்தது. முதலில் தொண்டையைச் செருமுவார். பிறகு பத்திரிகையை விரித்து விசைப்பலகைக்கு மேல் கூடாரம் கட்டுவார். கூடாரத்துக்குள் இரண்டு கையையும் நுழைத்துக்கொண்டு, "கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க" என்பார். ஒபிஸ் முழுவதும் எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பும். சுவரில் ஒரு துணிக்கடைக் கலண்டர் தொங்கிற்று. அந்த வருஷத்துப் போயா நாள், பெருநாள், தைப்பொங்கல் எல்லாம் எங்களுக்கு மனப்பாடம்.

அவர் பூட்டாத தாள் இல்லை. யாருக்குத் தேநீரில் எவ்வளவு சீனி என்பதற்குக்கூட ஒரு தாள், அதற்கும் பூட்டு. டைப் செய்கிற ஹமீமா ஒருநாள், "நானா, எனக்கு இனி சீனி வேணாம்" என்றாள். "எழுத்துல தாங்க" என்றார். எழுதிக் கொடுத்தாள். மறுநாள் நானா லீவில் போய்விட்டார். அவர் திரும்பி வந்து பூட்டைத் திறக்கும்வரை அந்தப் பிள்ளை தேநீரைச் சீனிப் பாணியாகக் குடித்தது. யார் பார்த்துவிடப் போகிறார்கள் என்று கேட்டால், "காலம் கெட்டுக் கிடக்கு" என்பார் நானா. காலம் கெட்டுத்தான் கிடந்தது. அதற்கும் ஹமீமாவின் சீனிக்கும் என்ன சம்பந்தம்?

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. லெட்சுமணன் விஷயம் அப்படியல்ல.

லெட்சுமணன் எங்கள் ஸ்டோரில் தராசுக்காரர். அவருடைய மனைவி கிருஷ்ணம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் வருஷக்கணக்கு. அந்த அம்மா வரப்போகிறார் என்று தகவல் வந்த நாளிலிருந்து மனுஷன் தராசில் மிளகை வைத்துவிட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நாளை மத்தியானம் பிளேன் இறங்குகிறது என்ற நிலையில் இத்ரூஸ் நானாவின் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"நானா, எனக்கு ஒபிஸ் கடிதாசி ஒன்னு வேணுங்க. நாளைக்கு எயார்போட்டுக்குப் போறேன்."

ஒபிஸ் கடிதம் என்பது எங்கள் வேதம். இவர் எங்களிடம் வேலை செய்கிறவர், இன்ன காரியமாகப் போகிறார் என்று முதலாளி ஸக்கரியா ஹாஜியார் கையெழுத்துப் போட்ட தாள். முன்பொரு தடவை கையால் எழுதிய துண்டோடு கொழும்புக்குப் போன லெட்சுமணனை வழியில் பிடித்துப் பொழுது சாயும்வரை உட்கார வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் இத்ரூஸ் நானா கடிதத்தையும் மேக்ரோவுக்குள் கொண்டுவந்தார். பெயரைத் தட்டினால் கடிதம் வரும், அதன் மூலையில் ஓர் இலக்கம் வரும். அந்த இலக்கம் இல்லாத கடிதம் எங்கள் கடிதமல்ல என்று ஹாஜியாரைக் கொண்டு பொலிசுக்கே அறிவிக்கச் செய்தார். ஒபிசுக்கு யாராவது போன் பண்ணிக் கேட்டாலும் இலக்கம் இல்லாதவரைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று எங்களுக்கும் ஓடர். இருந்த ஒரே டைப்ரைட்டரையும் தம்புள்ளை மரக்கறி வியாபாரி ஒருவருக்குத் தள்ளிவிட்டார்.

நானா செருமினார். கூடாரம் எழுந்தது. நாங்கள் கலண்டர் பக்கம் திரும்பினோம். கொஞ்ச நேரம் டக் டக்கென்று சத்தம். பிறகு சத்தமில்லை. மறுபடி டக் டக். திரும்பலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றோம். கடைசியில் ஹமீமாதான் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன நானா, வேர்த்து ஊத்துது?"

விஷயம் இதுதான். முந்தின நாள் நானா ஒரு புது மேக்ரோ எழுதியிருக்கிறார். பாஸ்வேர்டைத் தானே மாற்றிக்கொள்ளும் மேக்ரோ. கம்ப்யூட்டரே மனம்போன போக்கில் ஒரு புதுச் சொல்லை உண்டாக்கும், அதைக்கொண்டு கடிதக் கோப்பைப் பூட்டும், பிறகு அந்தச் சொல்லை இன்னொரு கோப்பில் ஒளித்து வைக்கும். "நானே ஆசப்பட்டாலும் யாருக்கும் பாஸ்வேர்டச் செல்ல ஏலாது" என்று எங்களிடம் பெருமை அடித்தார். கம்ப்யூட்டரும் சொல்லை உண்டாக்கியது. கோப்பைப் பூட்டியது. ஒளித்து வைக்கிற நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது.

ஆக, அந்தச் சொல் நானாவுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது, கம்ப்யூட்டருக்கும் தெரியாது. இதைவிடப் பத்திரமான பூட்டு உலகத்தில் உண்டா?

"நான் வேற ஒன்னு அடிச்சுத் தரவா?" என்றாள் ஹமீமா.

"இலக்கம் இல்லாம குடுக்க ஏலாது மகள். அது கள்ளக் கடிதம்."

லெட்சுமணனுக்கு முகம் செத்துவிட்டது. அத்தாட்சிக் கடிதத்துக்குக் கிராம சேவகரிடம் ஓடலாமென்றால் அன்று அவர் வருகிற நாளில்லை. "நானா, அந்தப் பொட்டிக்குள்ள இருக்கிறது எம்பேரு. என்னோட பேர எனக்குத் தர முடியலைன்னா எப்பிடிங்க? அவ வந்து எறங்கி ஆளக் காணோம்னு தேடுவாளே. அந்த எடமும் தெரியாது, ஒன்னும் தெரியாது அவளுக்கு." எனக்கு அந்த மஞ்சள் பட்டனைப் பிடுங்கி எறியலாம்போல வந்தது. திரைக்குள் இருப்பதை எப்படிப் பிடுங்குவது?

சத்தம் கேட்டு ஹாஜியார் வந்தார். எல்லாவற்றையும் கேட்டார். தாடியைத் தடவினார்.

"சரி. கடிதம் இல்லாட்டிப் போகுது. கடிதம் செஞ்ச ஆள் இரிக்கிதானே? இத்ரூஸ், நாளைக்கு நீங்களே வேன்ல போங்க. கேக்கிற எடத்துல எல்லாம் எறங்கி நின்டு, இவர் எங்கட ஆள்ன்டு ஒங்கட வாயால செல்லுங்க."

மறுநாள் காலையில் டிரைவர் லாபிர், ஹாஜியாரின் வேனை எடுத்தான். முன்சீட்டில் வெள்ளைச் சேர்ட் போட்டு லெட்சுமணன், பின்னால் நம்பர் பூட்டுப் போட்ட கறுப்புக் கைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இத்ரூஸ் நானா, பக்கத்தில் நான். எனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கிறீர்களா? வேனில் ஓரிடம் சும்மா இருந்தது. இப்படியொரு வேடிக்கையை யாராவது விடுவார்களா?

வழியெல்லாம் கையசைத்து விட்டுவிட்டார்கள். விமான நிலையத்துக்குக் கிட்டப் போனதும் மறித்தார்கள். இளவயதுச் சிப்பாய் ஒருவன். லெட்சுமணன் அடையாள அட்டையை நீட்டினார், கிருஷ்ணம்மா வருகிற பிளேன் விபரம் வந்த பேக்ஸையும் நீட்டினார். சிப்பாய் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், திருப்பிக் கொடுத்துவிட்டான். அவ்வளவுதான். கடிதமா? அவன் கேட்கவே இல்லை.

"ஒங்கட அட்டை?" என்று நானாவிடம் சிங்களத்தில் கேட்டான்.

அட்டை பெட்டிக்குள் இருந்தது. நானா பெட்டியை மடியில் நிமிர்த்தினார். நம்பர் பூட்டில் விரலை வைத்தார். செருமினார். ஐயோ, வேண்டாம் என்று என் மனம் அலறுவதற்குள் பழக்கதோஷம் முந்திக்கொண்டது. துப்பாக்கி வைத்திருந்த சிப்பாயை நிமிர்ந்து பார்த்து, மிகுந்த மரியாதையோடு சொன்னார்:

"மாத்தயா, பொட்டக் எஹா பெத்த பலன்ன."

கொஞ்சம் அந்தப் பக்கம் பாருங்கள் என்கிறார்! யாரை? பெட்டியைத் திறக்கப் போகிற நேரத்தில்!

அடுத்த நிமிஷம் நானா றோட்டில். பெட்டி மணல் மூட்டைக்கு அந்தப் பக்கம். நாலைந்து பேர் ஓடி வந்துவிட்டார்கள். நம்பரைச் சொல் என்றார்கள். பயத்தில் நம்பர் மறந்துபோயிற்று. எத்தனையோ பாஸ்வேர்டுக்கு இடம் கொடுத்த தலையில் அந்த நேரம் ஒன்றுமே இல்லை. "இவர் எங்க ஒபிஸ் ஆளுங்க" என்று லெட்சுமணன் கைகூப்பிக்கொண்டு தெரிந்த சிங்களத்தில் கெஞ்சினார். அங்கிருந்த அதிகாரி நிதானமானவர். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அப்படியென்று சொல்லும் ஒபிஸ் கடிதம் இருக்கிறதா?"

நான் இத்ரூஸ் நானாவைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்தார்.

அதிகாரி ஒபிசுக்குப் போன் போட்டார். ஹாஜியார் வெளியே போயிருந்தார், எடுத்தது ஹமீமா. இத்ரூஸ் என்பவர் உங்கள் ஆளா என்று கேட்டிருக்கிறார். இலக்கம் இல்லாதவரைப் பற்றி ஒன்றும் சொல்லக் கூடாதென்று இத்ரூஸ் நானாவின் ஓடர் இருக்கிறது, இலக்கம் கோப்புக்குள் இருக்கிறது, கோப்பு திறக்காது என்று அவள் பதவிசாகப் பதில் சொல்லியிருக்கிறாள். பயந்து சொன்னாளா, சீனியை நினைத்துச் சொன்னாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

தலைக்கு மேல் ஒரு பிளேன் தாழப் பறந்து போயிற்று. லெட்சுமணன் அதை அண்ணாந்து பார்த்தார், றோட்டைப் பார்த்தார், நானாவைப் பார்த்தார். வேன் போகலாம், இந்த ஆள் மட்டும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் நானாவை விட்டுவிட்டுப் போக லெட்சுமணனுக்கு மனம் வரவில்லை.

"நீங்க போங்க லெச்சுமணன்" என்றார் இத்ரூஸ் நானா. அவர் குரல் அப்படி மெலிந்து நான் கேட்டதில்லை. "அது பாவம், தனிய நிக்கும். போய்க் கூட்டிட்டு வாங்க."

போனோம். கதவு திறந்து திறந்து மூடிற்று. யார் யாரோ வந்தார்கள். கடைசியில் ஒரு தள்ளுவண்டிக்குப் பின்னாலிருந்து கிருஷ்ணம்மா எட்டிப் பார்த்தார். இளைத்திருந்தார். லெட்சுமணன் ஓடவுமில்லை, கூப்பிடவுமில்லை. கையை மட்டும் தூக்கிக்கொண்டு நின்றார்.

"வந்துட்டீங்களா? ஒங்கள விடுவாங்களோ மாட்டாங்களோன்னு வழியெல்லாம் அதே நெனப்பு" என்று அழுதார் அந்த அம்மா. லாபிர் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டான். எனக்கும் கண் கலங்கிற்று, சொல்வதற்கென்ன.

திரும்பி வந்தபோது நானா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பெட்டியை ஒரு திருப்புளியால் ஒரே நெம்பில் திறந்திருந்தார்கள். உள்ளே என்ன இருந்தது தெரியுமா? அடையாள அட்டை, ஒரு சீப்பு, ஒரு வாழைப்பழம், இடியப்பப் பார்சல். இவ்வளவு காலமும் எங்களைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துக் காப்பாற்றிய பொக்கிஷம்.

யாராவது பொறுப்பு நின்றால் கூட்டிப் போகலாம் என்றார் அதிகாரி. லெட்சுமணன் முன்னுக்குப் போனார். பதிவேட்டில் தன் பெயர், தன் அட்டை இலக்கம், தன் கையெழுத்து. நானா எட்டிப் பார்க்கப் போனார். அதிகாரி பதிவேட்டைக் கையால் மறைத்துக்கொண்டு தலையை நிமிர்த்தினார்.

"பொட்டக் எஹா பெத்த பலன்ன."

நானா உடனே திரும்பினார். அங்கேயும் சுவரில் ஒரு கலண்டர் தொங்கிற்று.

இதற்குப் பிறகு அவர் திருந்தியிருப்பார் என்று நினைப்பீர்கள். திருந்தினார். புதுக் கோப்புச் செய்தார், இனி பாஸ்வேர்ட் எல்லாருக்கும் சொந்தம் என்றார். எங்களை ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டு ஆளுக்கோர் எழுத்தைக் காதில் சொன்னார். என் எழுத்து ஹமீமாவுக்குத் தெரியாது, அவள் எழுத்து லெட்சுமணனுக்குத் தெரியாது. கோப்பைத் திறக்க வேண்டுமென்றால் எல்லாரும் வரிசையில் நின்று ஆளுக்கொரு தட்டுத் தட்டுவோம், மற்றவர்கள் கலண்டரைப் பார்ப்போம். அன்று முதல் எங்கள் ஒபிசில் ஒருவரும் லீவு போட முடியவில்லை.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். இப்படி ஓர் ஆள் எங்கள் ஒபிசிலும் இருக்கிறார் என்று யாரையோ நினைத்துக்கொள்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் உங்கள் மனைவியோ கணவரோ தேநீரோடு பின்னால் வந்து நிற்கும்போது திரையை மறைத்துக்கொண்டு ஒரு கை தானாக எழும்புகிறதே, அது யாருடைய கை? அந்தத் திரையில் இருப்பதென்ன, இடியப்பப் பார்சல்தானே?

சரி சரி, கோபிக்க வேண்டாம். நீங்கள் அடியுங்கள். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.