வலப்பக்கத்துப் பெடல்

"தோ-அஷூ கணவாய் உச்சியிலேர்ந்து அடிவாரம் வரைக்கும் நான் பிரேக்கைத் தொடவே இல்லை!" என்றார் பெய்ஷென்.

கராஜ் வரிசையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்துச் சிரித்துப் புரையேறினார்கள். காவல்காரர் கூஸ்மிச் மட்டும் சிரிக்கவில்லை. பொய்க்குச் சிரித்தால் அது குட்டி போடும் என்று நினைக்கிற மனிதர் அவர்.

"அந்த மலையில மேகமே கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இறங்குது. நீ தொடவே இல்லையாக்கும்?"

"தொடல. ரொட்டி மேல சத்தியம், பொய்னா ரொட்டி என்னை அடிக்கட்டும்."

"வளைவுல?"

"வளைவுலயும்தான்."

"அப்போ உன் கால் என்ன பண்ணிச்சு?"

"ஓய்வு எடுத்துச்சு."

"ரொட்டி அடிக்காது. நான் அடிப்பேன்," என்று கூஸ்மிச் கோப்பையைக் கீழே வைத்தார்.

பெய்ஷென் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். அவர் சொன்னது சத்தியமான உண்மை. ஒரே ஒரு சின்ன விஷயத்தைத்தான் சொல்லாமல் விட்டிருந்தார்: அந்த வண்டியில் பிரேக் பெடல் அவர் பக்கம் இல்லை. மனைவி பக்கம் இருந்தது.

அது அங்கே போய்ச் சேர்ந்த கதை இது.

வண்டி ஜப்பானிலிருந்து வந்தது. வெள்ளி நிறச் செடான், டர்போ வைத்தது, வலப்பக்கம் ஸ்டீயரிங். பிஷ்கேக்கில் சாலையின் வலது ஓரமாகத்தான் போக வேண்டும். ஆகவே பெய்ஷென் எப்போதும் பள்ளத்தை ஒட்டி உட்கார்ந்திருப்பார். முன்னால் ஒரு லாரி போனால் அதன் பின்புறம் தவிர உலகத்தில் வேறெதுவும் அவருக்குத் தெரியாது. எதிரே வண்டி வருகிறதா என்று பார்க்க இடப்பக்க இருக்கையில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் சுராகான். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன எதையும் நம்பாத மனைவி.

"போங்க" என்பாள் சுராகான். பெய்ஷென் போவார். "இருங்க" என்பாள். இருப்பார். வீட்டுக்குள் அவள் பேச்சுக்கு மதிப்பே இல்லை. சாலையில் மட்டும் அது சட்டம்.

சென்ற கோடையில் காரா-பால்தா தாண்டி ஒரு வைக்கோல் லாரி முன்னால் மாட்டியது.

"இருங்க... இருங்க... ஒரு பஸ் வருது, இருங்க..."

"இருங்க இருங்கன்னே என் ஆயுசு முடிஞ்சு போச்சு!" என்று வெடித்தார் பெய்ஷென். "இருநூறு குதிரைத் திறன் எஞ்சின் இது! உன் கோழைக் கண்ணை நம்பி வைக்கோல் தின்னுக்கிட்டு வருது!"

சுராகான் திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"சரி. இனிமே உங்க கண்ணாலயே நீங்க பாத்துக்குங்க," என்று வாயை மூடினாள்.

அதன்பின் ஊர் வரும்வரை அவர் லாரியின் வாலையே பிடித்துக்கொண்டு வந்தார். வீடு சேர்ந்தபோது வண்டியின் கூரை மேல் நாலு மாட்டுக்கு ஒரு வாரத் தீவனம் இருந்தது.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். மனைவியைச் சமாதானம் செய்வதைவிட ஸ்டீயரிங்கை இடப்பக்கம் நகர்த்துவது சுலபம்.

"நல்ல ஆளாப் பாத்துக் குடு," என்றார் கூஸ்மிச். "அறுவை சிகிச்சை மாதிரி வேலை அது."

"என் வண்டியில அடுத்தவன் கை வைக்கிறதா? அதைவிட நான் கழுதை மேல போவேன்."

பிரித்தார். வெட்டினார். எஞ்சினுக்கும் இருக்கைக்கும் நடுவிலிருந்த இரும்புத் தட்டியில் ஓட்டை போட்ட சத்தத்தில் மூன்று தெரு தள்ளியிருந்த கோழிகள் முட்டையிடுவதை ஒத்திவைத்தன. ஸ்டீயரிங் இடப்பக்கம் வந்தது. ஆக்சிலேட்டர் வந்தது. ஆனால் வேகம் காட்டும் முள் வரவில்லை, கம்பி எட்டவில்லை. வைப்பரும் பழைய விசுவாசத்தில் வலப்பக்கத்தையே துடைத்துக்கொண்டிருந்தது. பிரேக்குக்கு மட்டும் ஒரு குறுக்குக் கம்பி வேண்டும், உதிரிபாகச் சந்தைக்காரன் "வருது, வருது" என்று சொல்லிக்கொண்டேயிருந்தான்.

"கம்பி வர்ற வரைக்கும் கை பிரேக்கை வச்சு ஓட்டலாமே," என்றார் கூஸ்மிச்.

"அதைக் கழட்டிட்டேன். அந்த இடத்துல டர்போ அழுத்தம் காட்டுற மீட்டர் வச்சிருக்கேன். ராத்திரியில நீலமா எரியும், பாரேன்!"

நிற்க வழியில்லாத வண்டிக்குப் பெய்ஷென் செய்த அடுத்த வைத்தியம், இன்னும் பெரிய பிரேக். பந்தயத்தில் நொறுங்கிய ஏதோ ஒரு வண்டியிலிருந்து, சக்கர டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும், தர்பூசணி அளவுச் சிவப்புக் கேலிப்பர்கள் வாங்கி வந்தார். அவற்றின் பிரேக் பேடுகளுக்கு நடுவே டிஸ்க் நுழையவில்லை.

"தடிமன் ஜாஸ்தி. உள்ள போகாது," என்றார் கூஸ்மிச்.

"சுத்தியலுக்கு மிஞ்சினது என்ன இருக்கு?" என்று அடித்து ஏற்றினார் பெய்ஷென்.

அன்றிலிருந்து வண்டியைக் கராஜை விட்டு வெளியே தள்ள இரண்டு பேர் போதவில்லை, நாலு பேர் தேவைப்பட்டார்கள். "பிடிப்பு அப்படி!" என்று நெஞ்சை நிமிர்த்தினார். ஓட்டினால் கருகல் வாசனை வந்தது. டர்போவுக்கு அழுத்தம் போதவில்லை என்று முடிவு செய்து அதையும் ஏற்றினார்.

குறுக்குக் கம்பி வருவதற்குள் மலைக்கு அந்தப் பக்கமிருக்கும் தலாஸிலிருந்து சம்பந்தி வீட்டு அழைப்பு வந்துவிட்டது. பேரனுக்குத் தொட்டில் விருந்து. தாத்தாவும் பாட்டியும் தனித்தனியாகப் போய் இறங்கினால் மகள் அந்த வீட்டில் தலை நிமிர முடியாது. சுராகான் வந்து வலப்பக்கம் உட்கார்ந்தாள்.

பெய்ஷென் தொண்டையைக் கனைத்தார்.

"உன் காலடியில ஒரு பெடல் இருக்கு. நான் பிரேக்னு சொன்னா மிதிக்கணும்."

சுராகான் குனிந்து பெடலைப் பார்த்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"இத்தனை வருஷம் கண்ணா இருந்தேன். இப்போ காலாவும் இருக்கணுமா?"

"கம்பி வர்ற வரைக்கும்தான், கிழவி."

"அப்புறம்?"

"அப்புறம் நீ நிம்மதியா உக்காந்து வரலாம்."

"மூட்டை மாதிரி," என்றாள் சுராகான்.

ஆனாலும் மிதித்தாள். காரா-பால்தா சோதனைச் சாவடியில் இன்ஸ்பெக்டர் கோலை நீட்டியபோது, "பிரேக்!" என்றார் பெய்ஷென்; அவள் மிதித்தாள்; வண்டி நின்றது.

இன்ஸ்பெக்டர் உள்ளே எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"ஓட்டுறது யாரு?"

"நான்தான் தம்பி."

"நிறுத்துனது?"

"அது அவ."

"அப்போ நான் யாரு மேல வழக்குப் போடறது?"

"ஓடினதுக்கு அவர் மேல போடுங்க," என்றாள் சுராகான். "நின்னதுக்கு யாரும் வழக்குப் போட மாட்டாங்க."

இன்ஸ்பெக்டர் விழுந்து விழுந்து சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போயிட்டு வாங்க ஆத்தா. உங்க கால் நல்லா இருக்கட்டும்," என்று வழிவிட்டார்.

மலை ஏறும்போது வண்டி முனகியது. சக்கரங்களிலிருந்து புகை வந்தது. ஆட்டு மந்தை ஒன்று அவர்களை முந்திக்கொண்டு போனது. போகும்போது ஒரு கிடா திரும்பிப் பார்த்ததாகப் பெய்ஷெனே பிறகு ஒப்புக்கொண்டார்.

விருந்தில்தான் எல்லாம் கெட்டது. மூத்த சம்பந்தி என்று ஆட்டுத் தலையைப் பெய்ஷென் முன்னால் வைத்தார்கள். அதன் கண்ணை எடுத்து, அடிக்கடி பார்க்க ஆசைப்படுகிற ஒருவருக்குக் கொடுப்பது வழக்கம். பெய்ஷென் கத்தியால் கண்ணைத் தோண்டி எடுத்தார். வட்டமாக உட்கார்ந்திருந்தவர்கள் சுராகானைப் பார்த்தார்கள். அவளும் கையை லேசாக நீட்டிவிட்டாள்.

குமிஸ் என்கிற புளித்த குதிரைப்பால் இரண்டு கிண்ணம் உள்ளே போயிருந்தது. பெய்ஷென் கண்ணைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டார்.

"ஸ்டீயரிங்கை மாத்திட்டேன் சம்பந்தி! இனிமே பொம்பளை கண்ணு எனக்கு எதுக்கு?"

கூட்டம் அதிரச் சிரித்தது. சுராகான் நீட்டிய கையை ரொட்டிக் கூடைப் பக்கம் திருப்பி, பசிக்காமலே ஒரு துண்டு எடுத்துக்கொண்டாள். மகள் மட்டும் அதைப் பார்த்தாள்.

மறுநாள் கிளம்பும்போது சம்பந்தி இருவருக்கும் சப்பான் என்கிற கனத்த நீள அங்கி போர்த்தி அனுப்பினார். சுராகான் அதைக் கழற்றி முழங்காலிலிருந்து பாதம் வரை போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

கணவாய் உச்சிச் சுரங்கத்தைத் தாண்டியதும் சாலை அப்படியே கீழே விழுந்தது. பெய்ஷெனின் போதை முழுசாகத் தெளிந்தது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஆகாயம். தாண்டிக் குதிக்கலாம் என்றால் இறக்கை இல்லை; நிறுத்தலாம் என்றால் பெடல் இல்லை.

"பிரேக்!" என்று கத்தி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார்.

வண்டி மெல்ல அடங்கி, வளைவில் அழகாகத் திரும்பியது.

அவருக்கு உயிர் வந்தது.

அடுத்த வளைவு. "பிரேக்!" அடங்கியது. அதற்கடுத்தது. "பிரேக்!" கேட்டுக் கேட்டுச் செய்தது போல அடங்கியது. சுராகான் ஜன்னல் வழியே பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி மலையில் பெய்ஷெனுக்கு மனசு இளகியது. நேற்று அத்தனை பேர் முன்னால் அவமானப்படுத்தினோம், இன்றைக்கும் நம் உயிரைக் காலில் தாங்கிக்கொண்டு வருகிறாளே!

"நல்லா மிதிக்கிற, கிழவி," என்றார்.

அவள் அங்கியை இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொண்டாள்.

அடிவாரத்தில் இறங்கி அவளுக்கு ஒரு பாட்டில் மலைத்தேன் வாங்கினார். மறுநாள் குறுக்குக் கம்பி வந்துவிட்டது என்று சந்தைக்காரன் கூப்பிட்டபோது, "வேணாம், வச்சுக்கோ. பெடல் அவ பக்கமே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டார். அவர் வாழ்க்கையில் ஒரு உதிரிபாகத்தை வேண்டாம் என்றது அதுதான் முதல்முறை.

இந்த உச்சி குளிர்ந்த சந்தோஷத்தில்தான் கராஜில் நின்று அந்தப் பெருமையைப் பீற்றியது.

கூஸ்மிச் அதற்குள் வண்டிக்குள் தலையை விட்டுப் பார்த்து வெளியே வந்தார்.

"அடப்பாவி! பெடல் அந்தப் பக்கம்! மிதிச்சது உன் பொண்டாட்டி, பெருமை உனக்கா?"

"அதேதான்!" என்று பெய்ஷென் குதித்தார். "இப்பவாச்சும் நம்பறியா? ஒரு வார்த்தை பேசாம, உச்சியிலேர்ந்து அடிவாரம் வரைக்கும் மிதிச்சா என் கிழவி!"

அந்தக் கிழவியே அப்போது ஒரு பெரிய பையோடு வந்தாள். கராஜ் நிலவறையில் அவள் போட்டு வைத்திருந்த ஆப்ரிகாட் பழ ஜாம் பாட்டில்களை எடுக்க வேண்டுமாம். ஒன்றிரண்டு அல்ல, எல்லாவற்றையும். மகள் வீட்டுக்கு என்றாள். ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றிப் பையில் அடுக்க ஆரம்பித்தாள்.

கூஸ்மிச்சுக்குக் கருகல் வாசனை பொறுக்கவில்லை. ஜாக்கி வைத்து முன்சக்கரத்தைக் கழற்றினார். நீலம் பாய்ந்த டிஸ்க்கையும், கரியாய்த் தேய்ந்த பேடையும் பார்த்து விசிலடித்தார்.

"பெய்ஷென், இது கெட்டியா ஒட்டிக்கிட்டிருக்குடா. நீ சுத்தியலால அடிச்சு ஏத்தின அன்னியிலேர்ந்து உன் வண்டி பிரேக் பிடிச்சபடியேதான் ஓடியிருக்கு. மலை ஏறினது பிரேக்கோட, இறங்கினதும் பிரேக்கோட. ஒழுங்கா மட்டும் மாட்டியிருந்தே..."

"அப்போ அவ மிதிச்சது?"

"மிதிச்சாலும் ஒண்ணுதான், மிதிக்காட்டாலும் ஒண்ணுதான்."

"இல்ல," என்றார் பெய்ஷென். குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. வண்டியைப் பற்றி யார் என்ன சொன்னாலும் இப்போது அவருக்குக் கவலை இல்லை. "அவ மிதிச்சா. நான் கத்தினப்பல்லாம் மிதிச்சா. நீயே சொல்லு கிழவி, மிதிச்சதானே?"

சுராகான் கடைசி பாட்டிலைச் சுற்றி, பையின் வாயைக் கட்டினாள்.

"எங்க கிழவர் சொன்ன எதையும் நான் நம்பினதில்ல, கூஸ்மிச், ஆனா இது மட்டும் நெஜம்," என்றாள். "யாருமே பிரேக்கைத் தொடல, உச்சியிலேர்ந்து அடிவாரம் வரைக்கும் நான் காலை மடிச்சு சீட்டு மேலதான் வச்சிருந்தேன்."