சாரதிச் சித்தரின் மஞ்சள் துணி

பல்லேபொல வீதியில் பழைய டயர் ஒட்டும் கொட்டகை ஒன்று இருந்தது. டயர் ஒட்டிக்கொண்டிருந்த காலத்தில் அங்கே காக்கைகூட வந்து உட்கார்ந்ததில்லை. சாரதிச் சித்தர் வந்து உட்கார்ந்தார், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை காலையில் பஸ் அந்த இடத்தைத் தாண்டுவதற்குக் கொண்டக்டர் இறங்கி நின்று கத்த வேண்டியதாயிற்று.

மாத்தளை டவுனிலிருந்து வந்தார்கள். நாவுலயிலிருந்து வந்தார்கள். தோட்டத்து லயக் குடியிருப்புகளிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். கையில் தேங்காய், பழம், பூ. கக்கத்தில் எல் போர்ட். விபூதி பூசியவர்கள், தொப்பி போட்டவர்கள், மணிக்கட்டில் பௌத்தப் பிரித் நூல் கட்டியவர்கள் எல்லாரும் ஒரே வரிசையில் நின்றார்கள். நாட்டில் வேறு எதற்கும் வாய்க்காத ஒற்றுமை ட்ரயல் பயத்துக்கு வாய்த்திருந்தது.

லைசன் கொடுப்பதற்கு முன், பரீட்சகரைப் பக்கத்தில் உட்காரவைத்து வண்டி ஓட்டிக் காட்ட வேண்டுமல்லவா, அதற்குத்தான் ஊரில் ட்ரயல் என்று பெயர். அதில் பாஸாவதற்கு கிளச், பிரேக், கியர் மூன்றையும் பழக வேண்டும் என்பது மூடர்களின் எண்ணம். நல்ல தேதி பார்க்க வேண்டும் என்பது சித்தரின் ஞானம்.

கொட்டகைச் சுவரில் லொறி ஸ்டியரிங் ஒன்று மாலை போட்டுத் தொங்கியது. சங்குக்குப் பதில் லொறி ஹோர்ன். அதன் கீழே, மஞ்சளில் தோய்த்த வேட்டியும் மஞ்சளில் தோய்த்த சால்வையுமாகச் சித்தர் வீற்றிருப்பார். அவருக்கு லைசன் இருக்கிறதா என்று அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கேட்டதில்லை. அவர் வருவதும் போவதும் வாடகை த்ரீவீலில்.

பேரையும் ட்ரயல் தேதியையும் சொல்ல வேண்டும். சித்தர் தட்டில் ஒரு மஞ்சள் துணியை வைப்பார். ஹோர்ன் அலறும். கண்ணை மூடி, பக்கத்திலிருக்கும் இரண்டு செம்புகளில் ஒன்றை எடுத்து நீர் ஊற்றுவார். துணி மஞ்சளாகவே இருந்தால் பாதை திறந்தது, போகலாம். சிவந்தால் அன்றைக்கு ரோடு ரத்தம் கேட்கிறது. தேதியை மாற்ற வேண்டும்.

சித்தர் போகலாமென்று சொன்னவர்களில் முக்கால்வாசிப் பேர் பாஸானார்கள். அது ஊர் முழுக்கப் பரவியது. வேண்டாமென்று சொன்னவர்கள் ட்ரயலுக்கே போகவில்லை, அதனால் அவர்களுக்கு ஒரு கீறலும் விழவில்லை. அதுவும் சித்தர் மகிமையில் சேர்ந்தது.

நிரஞ்சனியும் ஒரு வெள்ளிக்கிழமை அந்த வரிசையில் நின்றாள். பக்கத்து வீட்டு ராசம்மா கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தாள்.

நிரஞ்சனி ஏற்கெனவே இரண்டு தடவை பெயில். இரண்டு தடவையும் ஒரே இடம்தான்: ஏற்றத்தில் நிறுத்தி மறுபடி எடுக்கச் சொன்னபோது வண்டி பின்னால் உருண்டது. அவளைப் பழக்கிய லேர்னர்ஸ்காரன் துஷாந்த் மைதானத்துச் சமதரையைத் தாண்டி ஒருநாளும் கூட்டிப்போனதில்லை. ஏற்றத்தில் பழக்கினால் கிளச் தேயுமாம். மலையும் சரிவுமான மாத்தளை மாவட்டத்தில் சமதரையில் மட்டும் ஓட்டுவதற்கு ஒருத்தி லைசன் எடுத்து என்ன செய்வாள் என்று அவனும் யோசிக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

அன்று துஷாந்தும் கொட்டகை வாசலில் நின்றான். பக்தி முற்றிய முகம். வரிசையைச் சரிசெய்வதும், யாருக்கு என்றைக்கு ட்ரயல், யாருக்கு எவ்வளவு ஓட்ட வரும் என்று அன்பாக விசாரிப்பதும், உள்ளே போய்ச் சித்தர் காதில் பணிவாகக் குனிவதுமாக இருந்தான்.

நிரஞ்சனியின் முறை வந்தது. ஹோர்ன் அலறியது. சித்தர் வலதுகைப் பக்கச் செம்பை எடுத்து ஊற்றினார். துணி கண்ணெதிரே ரத்தமாகச் சிவந்தது.

"ஐயய்யோ!" என்று ராசம்மாதான் முதலில் அலறினாள்.

"போகாதம்மா," என்றார் சித்தர். "அன்னைக்கு ரோடு ஒன்னைய எதிர்பார்த்துக்கிட்டு இருக்கு."

"சாமி, இந்தத் தடவையும் தள்ளிப்போச்சுன்னா கெடைக்கிற வேலை போயிரும் சாமி."

"வேலை போனா வேற வேலை. உசிரு போனா?"

நிரஞ்சனி காணிக்கையைத் தட்டில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். துஷாந்த் தயாராக நின்றான்.

"கவலப்படாதீங்க அக்கா. அடுத்த மாசக் கடைசியில புது டேட் ஒன்னு எடுத்துத் தர்றேன். அதுவரைக்கும் இன்னும் கொஞ்சம் ட்ரெயினிங் எடுங்க. வண்டி வாடகைய மட்டும் பாத்துக் குடுங்க."

நிரஞ்சனிக்கு வேலை கொடுப்பதாகச் சொன்னவள் ஹவ்வா. மாத்தளை டவுனில் சோற்றுப் பார்சல் கட்டி, தானே வேனில் ஏற்றிக்கொண்டு போய் வேலைத்தலங்களுக்குக் கொடுப்பவள். நிரஞ்சனி அவளுடைய குசினியில் மரக்கறி வெட்டினாள். நாவுலப் பக்கம் புதிதாக ஒரு பெக்டரி ஓடர் கிடைத்ததும் ஹவ்வா இரண்டாவது வேன் எடுத்தாள். லைசன் வந்தால் அந்த வேன் நிரஞ்சனிக்கு. வெங்காயம் உரித்த கையில் ஸ்டியரிங் பிடிக்கலாம் என்ற நினைப்பே அவளை இரண்டு பெயிலுக்குப் பிறகும் நிமிர்ந்து நிற்க வைத்திருந்தது.

மறுநாள் குசினிக்குள் நுழைந்தவளை ஹவ்வா ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன புள்ள, மொகம் இப்பிடி ஈக்கி?"

நிரஞ்சனி எல்லாவற்றையும் சொன்னாள்.

"ரோடு ரத்தம் கேக்குதாமா? நானும் இவ்வளவு காலமா அந்த ரோட்டுலதான் ஓட்றேன். எங்கிட்ட ஒரு பிளேன்டீகூட கேட்டதில்லயே!"

"வெளையாடாதீங்க ராத்தா. எனக்குப் புள்ளைங்க இருக்கு."

ஹவ்வா சிரிப்பை நிறுத்தினாள். "நான் வெளையாடல்ல. அடுத்த மாசம் பொறந்ததும் நாவுலக்குச் சோறு போகணும். பஸ்லிண்டு ஒரு பொடியன் லைசனோட வந்து வேல கேட்டுட்டுப் போறான். ஒனக்காகத்தான் இல்லண்டு சொல்லி வெச்சீக்கேன். எம்புட்டு நாளைக்குச் சொல்ற?"

நிரஞ்சனி போய், குசினிப் பெண்கள் போடும் வெள்ளைக் கோட்டுகளைத் துவைக்க உட்கார்ந்தாள். பஸ்லியின் முகம் கண்முன் வந்தது. ரோட்டில் கிடக்கும் தன் உடம்பும் வந்தது. ஒரு கோட்டின் மார்பில் பருப்புக்கறி கொட்டி மஞ்சள் கறை. சவர்க்காரக் கட்டியை வைத்துத் தேய்த்தாள்.

மஞ்சள் சிவந்தது.

நிரஞ்சனியின் கை நின்றது. கறிக்கறையில் சவர்க்காரம் பட்டால் சிவக்கும் என்பது கோட்டுத் துவைக்கும் எவளுக்குத்தான் தெரியாது? அவளே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். அப்போதெல்லாம் அது கறை. கொட்டகையில் மாலை போட்ட ஸ்டியரிங்குக்குக் கீழே பார்த்தபோது அது அவளுடைய சாவு.

"ராத்தா! இங்க வாங்க!"

ஹவ்வா கரண்டியோடு ஓடி வந்தாள். கறையைப் பார்த்தாள். நிரஞ்சனியைப் பார்த்தாள்.

"சவுக்காரத் தண்ணி நொரைக்குமே புள்ள. அந்த ஆளு ஊத்தினது நொரைச்சதா?"

"இல்ல. பச்சத்தண்ணி மாதிரித்தான் இருந்துச்சு." நிரஞ்சனி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "சுண்ணாம்பு! எங்க கல்யாண வீட்டுல ஆலாத்தி கரைக்கிறது எதுல? மஞ்சளும் சுண்ணாம்பும்தானே!"

வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, தெளியவிட்டு, மேல்நீரை வடித்தார்கள். குசினித் துணியில் மஞ்சள் தேய்த்து அதை ஊற்றினார்கள். ரோடு மறுபடியும் ரத்தம் கேட்டது, மாத்தளை டவுனில், ஹவ்வாவின் குழாயடியில்.

நிரஞ்சனிக்கு நிம்மதி வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. சித்தர்மேல் பாதி, தன்மேல் பாதி. மாப்பிள்ளை பெண்ணுக்குச் சுற்றிக் கொட்டும் ஆலாத்தியைக் காட்டி ஒருவன் உயிர்ப்பயம் காட்டியிருக்கிறான். அவளும் பயந்து காணிக்கை வைத்திருக்கிறாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை கொட்டகையில் கூட்டம் இன்னும் கூடுதல். நிரஞ்சனி ஹவ்வாவோடு வந்து வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் நின்ற நாவுலக்காரன் மர்சூக்குக்குத் துணி மஞ்சளாகவே இருந்தது. அவன் அதை வாங்கிக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"என்னம்மா, பரிகாரத்துக்கு வந்தியா?" என்றார் சித்தர்.

"இல்ல சாமி. அதே தேதிய இன்னொருக்கா பார்க்கணும். ஆனா எடதுகைப் பக்கத்துச் செம்புலேருந்து ஊத்துங்க."

சித்தரின் கண் ஒரு தடவை துஷாந்தைத் தொட்டுவிட்டு வந்தது. "செம்ப நான் எடுக்கிறதில்லம்மா. தெய்வம் எடுக்குது."

"அப்ப ஒங்க தெய்வம் என் கையாலயும் எடுக்கும்தானே?"

சொல்லிக்கொண்டே இடதுபக்கச் செம்பை எடுத்து, தட்டிலிருந்த புதுத் துணியில் ஊற்றினாள். மஞ்சள். அதே தேதி, அதே நிரஞ்சனி, ரத்தத்தைக் காணோம். கூட்டம் முணுமுணுத்தது.

"மர்சூக் நானா, ஒங்க துணியக் குடுங்க."

அவன் கொடுப்பதா வேண்டாமா என்று நிற்கும்போதே ஹவ்வா பிடுங்கிக் கொடுத்தாள். நிரஞ்சனி வலதுபக்கச் செம்பிலிருந்து கொஞ்சம் ஊற்றினாள். துணி சிவந்தது. மர்சூக்கின் சிரிப்பு பாதியில் நின்றது.

"தீட்டு! தீட்டு!" சித்தர் பாய்ந்து செம்பைப் பறித்தார். அவள் விடவில்லை. இரண்டு பேரும் இழுத்த இழுப்பில் செம்பு கவிழ்ந்து, மிச்ச நீரெல்லாம் சித்தரின் மார்பிலும் மடியிலும் கொட்டியது.

மஞ்சள் சால்வை சிவந்தது. மஞ்சள் வேட்டி சிவந்தது. கோழிக்கடையில் வேலைபார்த்துவிட்டு வந்தவரைப்போலச் சித்தர் நின்றார்.

"ஐயாவ இன்னைக்கு ரோடு எதிர்பார்த்துக்கிட்டு இருக்கு போல," என்றாள் நிரஞ்சனி. "த்ரீவீல்ல ஏறிறாதீங்க."

யாரோ சிரித்தார்கள். பிறகு கொட்டகையே சிரித்தது. அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "இது சுண்ணாம்புத் தண்ணி. மஞ்சள்ல பட்டா செவக்கும். ஆலாத்தித் தட்டப் பார்த்ததே இல்லயா நீங்க? வீட்டுக்குப் போய் நீங்களே ஊத்திப் பாருங்க. காணிக்க வேணாம்."

துஷாந்த் மெல்லப் பின்வாசல் பக்கம் நகர்ந்தான். அதைப் பார்த்ததும் சித்தருக்குத் தெய்வம் இறங்கிவிட்டது, ரோஷம் ஏறிவிட்டது.

"எங்க போறே? என்னைய மட்டும் மாட்டிவிட்டுட்டுப் போறியா?" கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பினார். "எனக்கு ஒன்னும் தெரியாதுங்க. எவனுக்கு ஓட்டத் தெரியும், எவனுக்குத் தெரியாதுன்னு அவன்தான் காதுல சொல்லுவான். தெரிஞ்சவனுக்கு எடதுசெம்பு, தெரியாதவனுக்கு வலதுசெம்பு. தள்ளிப்போற ஆளுங்க மறுபடி அவன்கிட்டத்தானே ட்ரெயினிங் எடுக்கணும்!"

சித்தரின் ஞானதிருஷ்டி முழுவதும் அவ்வளவுதான். ஓட்டத் தெரிந்தவன் பாஸாவான் என்ற பரம ரகசியத்தைச் சொல்ல ஒரு ஹோர்னும் ஒரு செம்பும் தேவைப்பட்டிருக்கின்றன.

கூட்டம் துஷாந்தைச் சூழ்ந்துகொண்டது. கட்டிய காசைக் கேட்டு அவன் சட்டையைப் பிடித்தார்கள். தங்கள் புத்தியை எங்கே கொடுத்தோம் என்று கேட்டு யாரும் தங்கள் சட்டையைப் பிடித்துக்கொள்ளவில்லை. சித்தர் ஈர வேட்டியோடு வீதிக்கு ஓடி, வந்த பஸ்ஸில் ஏறிவிட்டார். கூட்டத்தில் நின்ற ராசம்மா மட்டும், "என்ன இருந்தாலும் தெய்வ காரியத்துல கை வைக்கக் கூடாது," என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அந்த ஸ்டியரிங் மாலையிலிருந்து ஒரு பூவையும் பிய்த்து முந்தானையில் முடிந்துகொண்டாள். சிலருக்குப் புத்தி வருவதற்கு இன்னும் நல்ல நேரம் பிறக்கவில்லை.

வெளியே வந்ததும் ஹவ்வா வேன் சாவியை நிரஞ்சனியிடம் நீட்டினாள். "வித்தையெல்லாம் காட்டிட்டே. செரி, ஏத்தத்துல வண்டிய எடுக்கத் தெரியுமா ஒனக்கு?"

"தெரியாது ராத்தா."

"அப்ப ஏறு."

எல் போர்ட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துப் பாதைக்குப் போனார்கள். முதல் நாள் வேன் அணைந்தது, மறுபடி அணைந்தது, ஒரு தடவை பின்னால் உருண்டு மிளகுக் கொடி படர்ந்த மரமொன்றில் போய் மெதுவாகச் சாய்ந்தது. ஹவ்வா கத்தினாள், நிரஞ்சனி அழுதாள், இரண்டு பேரும் மறுபடி ஏறினார்கள். "காலுக்குக் கேக்கும் புள்ள. கிளச் புடிக்கிற எடத்துல வேன் லேசா நடுங்கும். அப்ப ஹேண்ட்பிரேக்க விடு." ஒரு நாள் அவள் காலுக்கு அது கேட்டது. வேன் பின்னால் போகாமல் ஏற்றத்தில் அப்படியே நின்று, முன்னால் நகர்ந்தது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

ரோடு ரத்தம் கேட்பதாகச் சொன்ன அதே தேதியில் ட்ரயலுக்குப் போனாள். பரீட்சகர் ஏற்றத்தில் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினாள். எடுக்கச் சொன்னார். கால் மறக்கவில்லை. வண்டி முன்னால் போனது. பரீட்சகர் தலையை ஆட்டினார். அன்றைக்கு நிரஞ்சனியோடு பாஸானவர்களும் உண்டு, பெயிலானவர்களும் உண்டு, எல்லா நாளையும் போலத்தான். யாரும் சாகவில்லை.

சாயந்தரம் வீட்டு வாசலிலேயே ராசம்மா மறித்துக்கொண்டாள். பின்னால் நாலைந்து பெண்கள்.

"பாஸாமே! சொல்லுடி, எந்த நேரத்துல வண்டிய எடுத்தே? என் மகனுக்கும் அந்த நேரத்தையே சொல்லிர்றேன்."

"நான் நேரம் பார்த்து எடுக்கலக்கா," என்றாள் நிரஞ்சனி. "கண்ணாடியப் பார்த்து எடுத்தேன்."

ராசம்மா பின்னால் நின்றவர்கள் பக்கம் திரும்பி, எந்தக் கண்ணாடி, அதை எந்தத் திசையில் மாட்ட வேண்டும், மாட்டுவதற்கு நல்ல நாள் எது என்று விசாரிக்கத் தொடங்கினாள். ஐயா பெரியோர்களே, வண்டிக்கு மூளை கிடையாது. அதனால்தான் உள்ளே ஒரு மனிதனை உட்காரவைக்கிறார்கள். அவனும் அதை வீட்டில் வைத்துவிட்டு வந்தால் எந்தத் தேதியில் போய் என்ன பயன்?