நேற்று தெரியாத கடிகாரம்

அன்புள்ள தங்கச்சிக்கு அக்கா எழுதுவது. நானும் நலம், கடலும் நலம், உன் வீட்டுக்காரரும் இப்போது நலம். 'இப்போது' என்று கை தவறி எழுதிவிட்டேன். அடித்தால் நீ வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாய், அதனால் முழுசாகவே சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ வீடு மாற்றும்போது பீரோ தூக்க அவர் வரமாட்டார். டிமிக்கி இல்லை, சத்தியம். நான் சாமான் கழுவுகிற இந்த முக்குளிப்புப் பள்ளியில், நாலு நாளில் பத்துத் தடவை சிலிண்டர் மாட்டிக் கடலுக்குள் போய் வந்தார். ஒவ்வொரு தடவையும் காற்றில் இருக்கிற நைட்ரஜன் கொஞ்சம் உடம்பில் தங்குமாம், நேற்றைய மிச்சத்தோடு இன்றையதும் சேருமாம். அதைப் பார்த்து 'போதும், மேலே ஏறு' என்று சொல்லத்தான் கையில் ஒரு கடிகாரம். உன் ஆள் தினமும் வேறு வேறு கடிகாரம் கட்டினார். புதுசுக்கு நேற்று முங்கியது தெரியாதே, தாராளமாக நேரம் கொடுத்தது. விருந்தில் பரிமாறுகிற ஆள் மாறினதும் "எனக்கு இன்னும் வைக்கலையே" என்று தட்டை நீட்டுவாரே, அதே புத்தி.

நேற்று மதியம் மேலே வந்தவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன மாப்பிள்ளை?"

"ஒண்ணுமில்லக்கா, சுளுக்கு."

முக்குளிக்கக் கற்றுக்கொடுக்கிற மாஸ்டர் கடிகாரங்களைப் புரட்டிப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் டாக்டரைக் கூப்பிட ஓடினேன். டாக்டர் வந்து, சேர்ந்த வாயு குமிழியாகி மூட்டில் நிற்கிறது என்று ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டினார். நாலு மணி நேரம் உன் வீட்டுக்காரர் வாய் திறக்கவில்லை. இருபது வருஷமாக உனக்குக் கிடைக்காத பாக்கியம். வலி சுத்தமாகப் போய்விட்டது. ஆனால் மூன்று நாள் விமானம் ஏறக் கூடாது, உயரத்தில் குமிழி திரும்பவும் பெரிதாகுமாம். பாரமும் தூக்கக் கூடாது. "அப்ப பீரோ?" என்று அவர்தான் முதலில் கேட்டார், பாவம்.

இவரோடு முங்க வந்து, படகில் கால் வைத்ததுமே வாந்தி எடுத்து ஒரு தடவைகூட முங்காத பல் டாக்டர் இன்று பறக்கிறார், அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். மாப்பிள்ளையை ரொம்பத் திட்டாதே. புது வீட்டில் இரண்டு பேரும் ஓயாமல் சண்டை போட்டுக்கொண்டு நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு: மாப்பிள்ளை இதைப் படித்துவிட்டு, "தினமும் கடிகாரத்தை மாத்திக் குடுத்தது யாருன்னும் எழுதுங்கக்கா" என்கிறார். நான்தான். கடலுக்குப் போகிறவருக்கு ஈரக் கடிகாரம் கட்டினால் சளி பிடிக்குமே என்று காய்ந்ததாகப் பார்த்துக் கொடுத்தேன். நாளை பஸ்ஸில் வருகிறேன். பீரோவில் அவர் பக்கத்தை நான் பிடிக்கிறேன்.