பல நிறங்கள், ஒரே ரேடியேட்டர்

எங்கள் கமக்காரர் சங்கத்து உழவு மெசின் என்னைவிடக் கொஞ்சம் மூத்தது. எனக்கு வந்த வருத்தமெல்லாம் அதற்கும் வந்திருக்கிறது. என்னை மனிசி கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போவாள், அதை இழுத்துக்கொண்டு போக ஆளில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இரும்பு எஞ்சின், செம்பு ரேடியேட்டர். இத்தனை காலமும் அது குடித்தது சிலாவத்துறைப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர். அந்தத் தண்ணீரில் கஞ்சி காய்ச்சினால் உப்புப் போடத் தேவையில்லை. குடித்துக் குடித்து உள்ளுக்குள் துருப்பிடித்து, போன காலபோக உழவில் கொதித்து ஆவிவிட்டு நின்றது. நின்ற இடம் ஊருக்கே அக்காவான கதீஜா ராத்தாவின் வரம்பு.

கதீஜா ராத்தாவுக்கு இருப்பது மூன்று ஏக்கர் பள்ளக்காணி. முதல் மழை விழுந்த கையோடு உழுது விதைத்துவிட வேண்டும். அடுத்த மழையும் விழுந்துவிட்டால் அது காணியில்லை, குளம். போன வருசம் குளம்தான். இந்த வருசமும் குளமென்றால், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு புத்தளத்தில் இருக்கிற தம்பி வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். அந்தத் தம்பி பெண்சாதியின் முகத்தை நினைத்தாலே தனக்குச் சோறு இறங்காது என்று ராத்தா ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறா.

ஆகவே ராத்தா பஸ் ஏறி மன்னார் டவுனுக்குப் போய், உதிரிப்பாகக் கடையில் மெசினின் சாதகத்தையே சொல்லிக் கேட்டா. கடைக்காரன் சொல்லியிருக்கிறான்: பழைய இரும்பு எஞ்சினுக்கும் செம்பு ரேடியேட்டருக்கும் பழைய ரகப் பச்சைக் கூலன்ட்தான் சரி, கிணற்றுத் தண்ணி கலக்காமல் பற்றரிக்கு ஊத்துற சுத்தத் தண்ணி கலக்குங்கோ, வேறு ரகக் கூலன்டை மட்டும் சேர்த்து ஊத்தாதேங்கோ. ராத்தா ஒரு கலன் வாங்கிக்கொண்டு வந்து சங்கக் கட்டடத்து மேசையில் வைத்தா. அத்துடன் விசயம் முடிந்திருக்க வேண்டும்.

மெசினை எங்களுக்குத் தந்தது கிராமிய இயந்திர மறுமலர்ச்சி அதிகாரசபை. அதன் பங்குதாரர் ஒருங்கிணைப்பு உத்தியோகத்தர் யசோதரன் சேர் அன்றைக்கு ஊருக்கு வந்திருந்தார். கலனைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தார்.

"குளிரூட்டித் திரவத்தைத் தனிநபர் தெரிவு செய்யேலாது. அது பங்கேற்பு முறையில நடக்கோணும்."

"தெரிவு செய்து முடிஞ்சுது சேர். இந்தா, மேசையில கிடக்கு," என்றா ராத்தா.

"அது உங்கட தெரிவு. சமூகத்தின்ர தெரிவு எங்க?"

"சமூகமா குடிக்கப் போகுது? மெசின்தானே குடிக்கப் போகுது."

யசோதரன் சேர் சிரித்தார். படித்த மனிசன், கோபம் வந்தாலும் சிரிப்பார். பிறகு எங்களுக்கு விளங்கப்படுத்தினார். எந்த நிகழ்விலும் குத்துவிளக்கின் ஒவ்வொரு திரியையும் ஒவ்வொரு அதிதி ஏற்றுவார். ஒருவரே எல்லாத் திரியையும் ஏற்றினால் மற்றவர்கள் பிறகு ஒரு கடதாசிக்கும் கையெழுத்து வைக்க மாட்டார்கள். இது நாடறிந்த நடைமுறை. விளக்குக்கு உள்ள மரியாதை ரேடியேட்டருக்கு ஏன் இல்லை? ஒவ்வொரு அதிதியும் தன் நிறுவனத்தின் சார்பில் ஒரு போத்தல் கொண்டு வரட்டும், ஒவ்வொரு கோப்பை ஊற்றட்டும்.

எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சங்கத் தலைவர் நஸார் ஹாஜியார் அந்த இடத்திலேயே பொன்னாடைக்கு ஆள் அனுப்பிவிட்டார்.

"சேர், நிறம் நிறமாக் கலக்கக் கூடாதெண்டு கலன்லயே எழுதிக் கிடக்கு," என்றா ராத்தா.

"அது சாதாரண பாவனையாளருக்கு எழுதினது. இது உத்தியோகபூர்வ நிகழ்வு."

விழா சிறப்பாக நடந்தது, சும்மா சொல்லக்கூடாது. மெசினுக்கு மாலை போட்டு, கொட்டகை போட்டு, பேசாலையில் இருந்து ஒலிபெருக்கி எடுத்தோம். அதிகாரசபைப் பணிப்பாளர் ரோஸ் நிறம் கொண்டுவந்தார். வங்கி முகாமையாளர் நீலம். உதவி நிறுவனத்துப் பெண்மணி மஞ்சள், அதுவும் சூழலுக்கு நேசமான மஞ்சளாம். ராத்தாவின் பச்சையை ஹாஜியார் கையில் எடுத்துக்கொண்டார், தலைவர் வெறுங்கையோடு நின்றால் ஊருக்கு அவமானமல்லவா. ஒவ்வொருவரும் போத்தலின் லேபிளைக் கமராப் பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டுமென்று படம் எடுக்க வந்த பொடியன் கேட்டுக்கொண்டான். ஆகவே லேபிளில் உள்ளதை இலங்கை முழுக்க வாசிக்கலாம், பிடித்துக்கொண்டு நின்றவரைத் தவிர.

பணிப்பாளர் பேசினார். "பல நிறங்கள் ஒரே ரேடியேட்டரில் சங்கமிப்பதுதான் நல்லிணக்கம்" என்றார். நாங்கள் கை தட்டினோம். எட்டிப் பார்த்தேன். உள்ளே நல்லிணக்கம் மீன் கழுவின தண்ணீரின் நிறத்தில் இருந்தது.

முதல் மழை விழுந்தது. ராத்தாவின் காணிக்குத்தான் மெசின் முதலில் போக வேண்டுமென்று ஹாஜியார் பெருமனதோடு உத்தரவிட்டார். சாரதி பைசர் ஏறி உழுதான். பாதிக் காணி முடிந்தது. நடுவயலில் மெசின் ஒருமுறை இருமியது, பிறகு நின்றது. ஆறவிட்டு மூடியைத் திறந்து பைசர் உள்ளே விரலை விட்டான். விரலோடு தொதல் இனிப்பு மாதிரிப் பிசுபிசுப்பாக ஒன்று இழுபட்டு வந்தது.

அன்று பின்னேரமே அடுத்த மழை வந்தது. ராத்தா வரம்பில் குந்தியிருந்து அழுதா. பாதி வயல், பாதி குளம், நடுவில் மாலையோடு மெசின்.

விசாரணைக் குழு வந்தது. நாலு போத்தல்களின் மிச்சத்தையும் தனித்தனியாகப் பரிசோதித்தது. ரோஸ் தரமானது. நீலம் தரமானது. மஞ்சள் தரமானது. பச்சையும் தரமானது. ஆகவே திரவத்தில் பிழையில்லை. தரமான நாலும் உள்ளே போயும் எஞ்சின் இறுகியதென்றால் பிழை எஞ்சினில்தானே. அறிக்கையின் முடிவு: மேற்படி உழவு இயந்திரம் நல்லிணக்கத்தை ஏற்கும் மனப்பக்குவத்தை அடையவில்லை, ஆதலால் புதிய இயந்திரம் ஒன்று வழங்கப்படலாம்.

அந்த வருசம் முழுக்க நாங்கள் தேத்தண்ணிக் கடையில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். படித்த மடையன்கள், ஒரு கூலன்ட் தெரியாது, பச்சைதான் சரியென்று சின்னப் பிள்ளையும் சொல்லும் என்றோம். இலுப்பைக்கடவையில் இருந்து மச்சான் வந்தால் அவருக்கும் பச்சைக் கதைதான். கலியாண வீட்டிலும் பச்சை. ராத்தா அரை வயல் நெல்லோடும் தம்பி அனுப்பின காசோடும் வருசத்தை இழுத்து முடித்தா. ஆனால் ஊரில் ராத்தாவின் மதிப்பு எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டது. கூலன்ட் விசயத்தில் கதீஜா ராத்தா சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

அடுத்த ஐப்பசியில் புது மெசின் வந்து இறங்கியது. பளபளவென்று, அலுமினிய ரேடியேட்டரோடு.

இந்த முறை யாரும் நிறம் கலக்கவில்லை. பணிப்பாளர் பச்சை, வங்கி பச்சை, உதவி நிறுவனம் பச்சை. யசோதரன் சேர் பச்சைச் சட்டையே போட்டுக்கொண்டு வந்தார். போன முறை பார்த்துக்கொண்டு நின்ற நாங்களும் ஆளுக்கொரு பச்சைப் போத்தலோடு வரிசையில் நின்றோம். முதல் கோப்பை கதீஜா ராத்தாவுக்கு என்று ஏகமனதாகத் தீர்மானம்.

பைசர்தான் மூடியைத் திறந்தான்.

"ராத்தா, இதுக்குள்ள நிரப்பித்தான் வந்திருக்கு. ரோஸ் நிறம்."

"கொம்பனிக்காரனுக்கு என்ன தெரியும்? பச்சையை ஊத்து."

"கடைக்காரன் பச்சை சொன்னது பழைய மெசினுக்கெல்லோ. இது புதுசு. கொஞ்சம் கேட்டுப்போட்டு ஊத்துவமே?"

"மெசின் எண்டா மெசின்தான். பட்டது நானா நீயா?"

"அதில்லை ராத்தா. உங்கட போத்தல்லயும் என்னவோ எழுதிக் கிடக்கு."

"அது தெரியாத ஆக்களுக்கு எழுதினது," என்றா ராத்தா.

யசோதரன் சேர் முதல் ஆளாகக் கை தட்டினார். எங்களுடைய பச்சைக்கு இடம் போதாதென்று உள்ளே இருந்த ரோஸில் பாதியைத் திறந்து மண்ணில் விட்டோம். பிறகு வரிசையாக ஊற்றினோம். லேபிளைக் கமராப் பக்கம் திருப்பிப் பிடிக்க எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

மழை விழுந்தது. மெசின் முதலில் ராத்தாவின் காணிக்குப் போனது. இந்த முறை அரை வயல்கூட ஓடவில்லை. பைசர் மூடியைத் திறந்தான், விரலை விடவில்லை. அன்று இரவே அடுத்த மழை பெய்தது.

புத்தளம் போவதற்கு முதல்நாள் ராத்தா சங்கக் கட்டடத்துக்கு வீட்டுச் சாவி தர வந்தா. புது மெசின் விழாப் படத்தைப் பெரிதாக அடித்துச் சட்டம் போட்டு அன்றைக்குத்தான் சுவரில் மாட்டியிருந்தோம். படம் நல்ல தெளிவு. ராத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போய், படத்தில் தன் கையில் இருந்த போத்தலின் லேபிளை மெதுவாக எழுத்துக்கூட்டி வாசித்தா.

"பழைய... எஞ்சின்களுக்கு... மாத்திரம். வேறு வகையுடன்... கலக்க வேண்டாம்."

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. ராத்தா அந்த இடத்திலேயே நின்றா.

"புள்ள கதீஜா, கொஞ்சம் அங்கால தள்ளு," என்றார் நஸார் ஹாஜியார். "என்ர முகத்தை மறைக்கிறாய்."

ராத்தா தள்ளி நின்றா. நாங்கள் எல்லோரும் எழும்பிக் கிட்டப் போய் அவரவர் முகத்தைத் தேடினோம். நான் இடப்பக்கம் மூன்றாவது ஆள். கண் கொஞ்சம் மூடியிருக்கிறது.