தனியே வளர்ந்த கிருமி

பதினோராவது தட்டிலும் வட்டம் விழவில்லை. கல்யாணராமன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். இல்லை.

அடையாற்றில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷ உத்தியோகம். மயிலாப்பூர் ஃப்ளாட்டில் தனி வாசம். திருவான்மியூர்ப் பூங்கா மண்ணில் அவர் கண்டெடுத்த பாக்டீரியா முதல் வாரம் அமர்க்களப்படுத்தியது. குட்டிப் புரதம் ஒன்றைச் சுரந்தது. அந்தப் புரதம் பக்கத்துக் கிருமிகளின் தோலில் ஓட்டை போட, அவை உள்ளிருந்ததெல்லாம் கசிந்து செத்தன. சுற்றிலும் வெறும் வட்டம்.

ஆசையாக அதைப் பிரித்துத் தனித் தட்டில் வளர்த்தார். அதன் சாற்றை மற்றக் கிருமிகள் பரப்பிய தட்டுகளில் சொட்டிப் பார்த்தார்; வட்டம் சிறுத்தது, சுரப்பது குறைந்தது. சத்தான தீனி போட்டார்; கொழுத்தது, சுரக்கவில்லை. இதமான சூட்டில் வைத்துத் தாங்கினார். அடியோடு நின்றுபோனது.

புதன்கிழமை வெறுத்துப்போய், அதே தட்டில் மற்றக் கிருமிகளையும் பரப்பிவிட்டு வீட்டுக்குப் போனார்.

வியாழன் காலை எட்டணா அகலத்துக்கு வட்டம்!

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அக்கம்பக்கம் யாருமில்லாமல் எதற்காகச் சுரக்க வேண்டும் என்று தோன்றியது.

அன்று மாலை ஆதம்பாக்கத்தில் தம்பி வேம்புவின் வீட்டு மணியை அடித்தார். ஆறு வருஷத்துக்கு முன், தம்பி மகள் ஹம்சினியின் கல்யாணப் பந்தியில், தயிரில் எத்தனை கோடிக் கிருமி என்று சம்பந்திகளுக்கு இவர் விளக்கப்போய், அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றிருந்தது.

வேம்பு கதவைத் திறந்தான்.

"வாண்ணா. சாப்ட்டியா?"

தயிர்சாதம் வந்தது. இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கிருமி என்ற சொல்லையே எடுக்கவில்லை. கிளம்பும்போது, ஞாயிற்றுக்கிழமை தோறும் வரச் சொன்னான் தம்பி. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை, கூடத்தைப் பெருக்கித் துடைக்கும் வேலம்மாவைக் கூப்பிட்டுத் தட்டைக் காட்டினார். ஆய்வுக்கூடத்தில் அவர் சொல்வதை நின்று கேட்பவள் அவள் ஒருத்திதான். தனியாகக் கிடந்தது, துணை வந்தது, வட்டம் விழுந்தது என்று எல்லாவற்றையும் சொன்னார். தம்பி வீட்டுக்குப் போனதையும் சொன்னார்.

வேலம்மா தட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"திட்டாத சார். புதங்கெழம நீ போனப்பறம் மேசைய தொடைக்க சொல்லோ மூடி நகுந்துகிச்சி. உள்ள வுழுந்துகீறது ஃபினாயிலு."