என் மகள் உன்னிடம் முதலில் சொன்னதைப் பற்றி

வேம்பாரில் இருக்கும் மச்சினன் ரெக்சனுக்கு, தூத்துக்குடியிலிருந்து உன் அத்தான் கிளாட்வின் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் உன் அக்காள் விஜிலா நலம். மகள் ஜெமிமாவும் இப்போது நலம். நான் நலமில்லை. காரணம் நீ.

நடந்தது என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும், அதுதான் எனக்கு எரிகிறது. கோயில் திருவிழாவில் ஜெமிமா பாடுகிற படத்தை யாரோ எடுத்து, பக்கத்தில் வாய் பிளந்த களவா மீனை ஒட்டி, அவள் பெயரிலேயே இன்ஸ்டாகிராமில் ஒரு கள்ளக் கணக்கு தொடங்க, வகுப்பே வந்து சிரித்துவிட்டுப் போயிருக்கிறது. பிள்ளை சாப்பிடவில்லை, பாட்டுப் பயிற்சிக்கும் போகவில்லை. நான் வயிற்றுக் கோளாறு என்று ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவளோ உனக்குப் போன் செய்து அழுதிருக்கிறாள். பெற்ற தகப்பன் அடுத்த அறையில் இருக்க வேம்பாருக்கு எதற்குப் போன்?

விஷயம் தெரிந்ததும் நானும் சும்மா இருக்கவில்லை. முதலில் அவள் போனைப் பிடுங்கி பீரோவில் பூட்டினேன். பிறகு கிரேன் சீருடையில் இருக்கும் என் படத்தைப் போட்டு நானே ஒரு கணக்கு தொடங்கி, அந்தப் படத்துக்குக் கீழே, "ஏலே, தைரியம் இருந்தா ரோச் பூங்காவுக்கு வாலே" என்று எழுதினேன். நான் போய் நின்றேன், ஒருவரும் வரவில்லை. நான் திரும்பி வருவதற்குள் மீனுக்கு அந்தப் பக்கம் என் படமும் ஏறியிருந்தது. ஜெமிமா கதவைச் சாத்திக்கொண்டாள்.

அப்புறம்தான் நீ பஸ் ஏறி வந்தாய். யாரையும் திட்டவில்லை. போனைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னாய், பிள்ளை சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தாய், "ஏளா, ஒம்மேல ஒரு தப்பும் இல்ல" என்றாய். எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்து, பதிலே போடாமல் கணக்கைப் பற்றிப் புகார் கொடுத்து, எங்களையும் கூட்டிக்கொண்டு போய்த் தலைமை ஆசிரியையிடம் காட்டினாய். கணக்கு போயிற்று. பள்ளியில் விசாரித்ததில், செய்தது அவளோடு பாடும் இசபெல்லாவாம். தனிப்பாட்டு ஜெமிமாவுக்குக் கிடைத்துவிட்ட வயிற்றெரிச்சலாம். அந்தப் பிள்ளை வந்து அழுது மன்னிப்புக் கேட்டது. பொறாமை ஒரு மனுசரை இப்படியா ஆட்டும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இப்போது வீட்டில் எதற்கெடுத்தாலும் மாமாதான். கணக்குப் பாடத்தில் சந்தேகமா, மாமா. தலைவலியா, மாமா. பொறுக்கமாட்டாமல் ஒரு நாள், என்னிடம் ஏன் முதலில் சொல்லவில்லை என்று கேட்டேவிட்டேன்.

"மாமா கேட்டுக்கிடுவாவ. நீங்க சண்டைக்குப் போயிருவிய, அப்பா."

நானும் போய்விட்டுத்தானே வந்திருக்கிறேன்.

ஆகவே, இனி அவள் போன் செய்தால் எடுக்காதே. எடுத்தே தீருவேன் என்றால், "ஒங்க அப்பாட்ட சொல்லுளா" என்று சொல்லிவிட்டு வை. ஞாயிற்றுக்கிழமையும் வர வேண்டாம். உன்னையும் உன் படகையும் மாதா கரைசேர்த்துக் காப்பாளாக, வேம்பாரிலேயே.

உன் அத்தான்,
கிளாட்வின்

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகிற நேரத்தில் எங்கள் துறைமுக வாட்ஸ்அப் குழுவில், என்னோடு வேலை பார்க்கும் சங்கரலிங்கம், நான் வேலையில் தூங்குகிற படத்தைப் போட்டு, அதற்கு மாலையும் போட்டுவிட்டான். எல்லோரும் இரங்கல் தெரிவிக்கிறார்கள். நாலு வரி காரமாக அடித்துவிட்டேன், ஆனால் அனுப்பவில்லை. ஜெமிமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டாள். அவளிடம்தான் முதலில் சொன்னேன், உன்னிடமில்லை, அதைக் குறித்துக்கொள். ஆனாலும் மாமாவிடமும் ஒரு வார்த்தை கேட்போம் என்கிறாள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. ஞாயிறு முதல் பஸ்ஸிலேயே வந்துவிடு.